கடைசிப் பதினான்கு பக்கம்

கிளிப்பை நெம்பி ஒரே இழுப்பு. நண்பனின் உயிர் கையோடு வந்துவிட்டது.

"அந்தக் கடைசி அத்தியாயந்தான்டா என் உயிர். அது இல்லேன்னா நாவலே செத்துடும். பத்திரமா பாத்துக்கோ" என்று முதலாளி முன்னாலேயே, ஒரு தரமல்ல, மூன்று தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தான் அவன். சாகட்டும் என்றுதான் கமா அந்தப் பதினான்கு பக்கத்தையும் உருவினார். கம்ப்யூட்டரிலும் அதை அழித்துவிட்டு, மிச்சத்தை அச்சகத்துக்கு அனுப்பினார்.

கமா என்பது பதிப்பகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். இருபது வருடமாக அங்கே புரூஃப் பார்க்கிறார். ஊரான் எழுத்துக்கெல்லாம் கமா போட்டே தலை நரைத்துவிட்டது. அவர் எழுதிய நாவலோ பதினோரு வருடமாக முதலாளியின் அலமாரியில் தூங்குகிறது.

இந்த நண்பனோ பள்ளிக்கூடத்தில் சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று அவரைக் கேட்டுக் கேட்டு எழுதியவன். அவன் எழுத்தாளனாம், பின்னட்டையில் அவன் படமாம்! 

நாவலும் லேசுப்பட்டதல்ல, அதுதான் ஆத்திரம். பொறாமை பிடித்த ஒருவன் தன் சிநேகிதனைப் பழிவாங்குவதைத் தானே பெருமையடித்துச் சொல்லும் கதை. சிநேகிதனுக்கு ஒரு நல்லது நடந்தால் கட்டிப்பிடித்து வாழ்த்துவான். வெளியே வந்து அவன் கார் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்துக்கொள்வான். சீ, இப்படியும் ஒரு ஜென்மமா என்று கமாவே விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசி அத்தியாயத்தில் அவன் திருந்தி, சிநேகிதன் காலில் விழுந்து அழுகிறான். 'படிக்கிறவன் மனசு நெறஞ்சு போகணும்' என்று முதலாளி வாய்க்கு வாய் சொல்வாரே, அந்த வசனம்கூட அப்படியே இருந்தது. முதலாளிக்கு ஐஸ் வைக்கிறான் பார் என்று கமா பல்லைக் கடித்தார். அது இல்லாமல் புத்தகம் மொட்டையாக நிற்கும், காசு கொடுத்து வாங்கினவன் காறித் துப்புவான் என்பது அவர் கணக்கு.

புத்தகம் வந்த அன்று முதலாளி தையத்தக்கா என்று குதித்தார். கம்ப்யூட்டர் கோளாறு என்று கமா கையை விரித்தார்.

ஒரே வாரம். 'கடைசிவரை திருந்தாத கயவன்! என்ன துணிச்சலான முடிவு!' என்று பத்திரிகைகளெல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போனது. முடிவு தன்னுடைய யோசனைதான் என்று முதலாளி சொல்லிக்கொண்டு திரிந்தார். கமா அந்தப் பத்திரிகைகளைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

நண்பன் பதிப்பகத்துக்கு வந்தான்.

"நல்லா இருக்கணும்டா நீ!" என்று கமா அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். ஜன்னலுக்கு வெளியே அவனுடைய புதுக் கார் பளபளத்தது. "என்னமோ கோளாறு, உன் உயிரான அத்தியாயம் விட்டுப்போச்சு. மனசுல வெச்சுக்காத."

"உயிராவது மண்ணாவது! அவன் திருந்தினாத்தான் புத்தகம் போடுவேன்னு முதலாளி ஒத்தக்கால்ல நின்னாரு. தலையில அடிச்சுக்கிட்டு எழுதிக் குடுத்தேன். நீ அதை எடுத்துடணும்னுதான் அவ்வளவு பெருசா பில்டப் குடுத்தேன்."

கமாவின் கை தானாகக் கண்ணாடியைக் கழற்றியது. சட்டை நுனியில் துடைத்தபடி, "நான் எடுப்பேன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார்.

துடைக்கிற கையையே பார்த்துக்கொண்டு நண்பன் சிரித்தான்.

"மிச்ச முந்நூறு பக்கமும் உன்னைப் பாத்து எழுதினவன்டா நான்!"