கண்ணியின் நான்காம் பொருள்

அகராதி அலுவலகத்தில் ‘கண்ணி’ என்ற சொல்லுக்கான அட்டைகளைப் பூங்கோதை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோன கணவர் ஞானமுத்துவின் கையெழுத்து. தலையில் சூடும் பூமாலை, பறவை பிடிக்கும் சுருக்கு, இரண்டடிப் பாட்டு என்று அட்டைக்கு ஒரு பொருள். அடியில் அது வழங்கிய காலமும் சான்றும். நான்காவது அட்டையில் அவள் கை நின்றுவிட்டது.

“மனைவியை அழைக்கும் சொல். சான்று: என் வீடு. வழங்குபவர்: ஒருவர்.”

பதிப்பாசிரியர் தேவசகாயம் அதை வாங்கிப் படித்துவிட்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “புத்தகச் சான்று இல்லாம அச்சுல சேர்க்க முடியாதேம்மா.”

“தெரியுங்கய்யா. ஆனா அட்டையை அரைகுறையா விட்டா அவருக்குப் பிடிக்காது.”

பேசுவோர் அற்றுப்போன பொருளுக்கு ‘வழக்கிழந்தது’ என்று முத்திரை குத்தி, அது கடைசியாக வழங்கிய காலத்தைப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது அங்கே விதி. அவள் முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினாள். இருபது வருடமாக அந்த இடத்தில் ஏதோ ஒரு நூற்றாண்டைத்தான் எழுதி வந்திருக்கிறாள். இதற்கு மட்டும் நாள் தெரிந்திருந்தது, மணியும் தெரிந்திருந்தது.