நாலு பிளக்கிலும் கரி

"மறுபடியும் அடைச்சுக்கிச்சா, பொன்னுரங்கம்?"

முன் ஸீட்டில் உட்கார்ந்தபடியே முதலாளி வேதமாணிக்கம் கேட்டார். டிரைவர் பொன்னுரங்கம் இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி, கம்பியால் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உச்சி வெயில். கடல் பக்கமிருந்து வந்த காற்றும் அனலாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமையும் இதே இடம். அதற்கு முந்தின சனிக்கிழமையும் இதே இடம். கல்மண்டபத்தில் முதலாளியின் பலசரக்குக் கடையிலிருந்து எண்ணூர் உப்பளத்துக்கு ஒழுங்காகக் கிளம்புகிற வண்டி, இந்தக் கருப்பட்டி மண்டி வாசலுக்கு வந்ததும் இருமும், குலுங்கும், படுத்துவிடும். யுத்தத்துக்கு முந்தின சீமை வண்டிதான். ஆனாலும் படுப்பதற்கு வேறு இடமே கிடைக்காதா?

"இன்னா நைனா, இந்த வாரமும் இங்கியே கடை போட்டுகினியா?" தலையில் மீன் கூடையோடு வந்த அங்கம்மா நின்று கேட்டாள். "பேசாம ஒரு மாட்டைக் கட்டி இழு. அதுனா வைக்கோலைக் காட்டினா நடக்கும்."

"போக்கா. நானே பேஜாராகீறேன்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சாவியைக் கொடுக்கும்போதே முதலாளியம்மா செல்லக்கனி சொல்லியிருந்தாள்: "இன்னைக்கும் நடுரோட்டுல நின்னுச்சுன்னா, சாவியைக் குடுத்துட்டு வேற வேலை பாத்துக்கிடுப்பா." அவள் பொல்லாதவள் அல்ல. வாராவாரம் இப்படி நடந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? இந்த வேலை போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் கந்தல் துணியில் வைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுவந்து காட்டினான்.

"பாருங்க மொதலாளி. எண்ணெய்ப் பசையா இருந்தா ரிங்கு தேஞ்சுபோச்சுன்னு சொல்லலாம். இது காஞ்ச கரி. தொட்டா விரல்ல ஒட்டிக்குது. பெட்ரோல் ஜாஸ்தியா பூந்து, ஒயுங்கா எரியாம புகைஞ்சுகீது."

"ஏன் ஜாஸ்தியாப் போகுது?"

"அதான் பிரியல. கார்புரேட்டரைக் கயட்டிக் கழுவிட்டேன். காலைல எஞ்சின் ஜில்லுனு இருக்கசொல ஸ்டீரிங் பக்கத்துல கீற சோக்குக் குமிழை இழுத்தா பெட்ரோல் ஜாஸ்தி வரும், வாஸ்தவம். எஞ்சின் சூடானதும் உள்ள தள்ளிடறனே. நேத்து நாலையும் பளபளன்னு தேச்சு மாட்டினேன். தோ, இந்த வாசல் வரைக்கும் குதிரை மாதிரி வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு, வந்துச்சு. உம்மேல தப்பில்லப்பா."

"எம்மேல தப்பில்லன்னா யார் மேல? மெக்கானிக் யேசுதாஸைக் கேட்டா, அந்த மண்டி வாசல்ல பேய் கீதுன்றான். இதை அம்மாகிட்ட போய்ச் சொல்ல முடியுமா?"

வேதமாணிக்கம் முகத்தை மண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த மனிதர் திட்டினாலாவது மனசு ஆறும் என்று பொன்னுரங்கத்துக்குத் தோன்றியது. இத்தனை வாரத்தில் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நெற்றியிலிருந்து வியர்வை வழிய, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"மண்டில போய் நெழலுக்குக் குந்துங்க மொதலாளி. இது முடிய நேரமாவும்."

"வேண்டாம்பா. கூப்பிடாத எடத்துக்குள்ள எப்படிப் போறது?"

'இதுல ரோஷம் வேற' என்று மனசுக்குள் நொந்துகொண்டு பொன்னுரங்கம் உப்புத்தாளை எடுத்தான். ஒவ்வொரு பிளக்காகத் தேய்த்தான், ஊதினான், துடைத்தான். "வடிவுடையம்மா தாயே, இந்த ஒரு தபா காப்பாத்து" என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்து முணுமுணுத்தான். மூன்று பிளக்கை மாட்டியாயிற்று. நாலாவதைக் கையில் எடுத்தபோது மண்டிக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

இத்தனை வாரமும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த நரைத்தலை மண்டிக்காரர், இன்றைக்கு எழுந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு செம்புத் தண்ணீர். நடக்க நடக்கத் தளும்பியது. வெயிலில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு மனசு இளகிவிட்டால், அந்த இடத்தில் கடவுள் இருக்கிறார் என்றுதான் சொல்லவேண்டும். அவர் பொன்னுரங்கத்தைத் தாண்டி நேராக வண்டியின் ஜன்னலுக்குப் போய்ச் செம்பை நீட்டினார்.

"ஏல வேதம், இன்னும் எத்தனை வாரந்தாம்ல இப்படி வெயில்ல கெடந்து வேகுவ?"

வேதமாணிக்கம் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"அப்பா அடக்கத்தன்னிக்குப் போட்ட சண்டை. மூத்தவன் நாந்தாம்ல மொதல்ல கூப்பிட்டிருக்கணும்" என்றார் மண்டிக்காரர். "எறங்கு. உன் மதினி சோறு வடிச்சாச்சு."

"அண்ணாச்சி" என்றார் வேதமாணிக்கம். துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டு இறங்கினார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

கையில் நாலாவது பிளக்கோடு பொன்னுரங்கம் நடுரோட்டில் நின்றான். அண்ணன் தம்பி சேர்ந்ததில் சந்தோஷந்தான். ஆனால் வண்டி நின்றது நின்றதுதானே? சாயங்காலம் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

மண்டிப் படியில் கால் வைத்த வேதமாணிக்கம் என்ன நினைத்தாரோ, தனியாகத் திரும்பி வந்தார். டிரைவரின் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் பேசினார்.

"உன்னை ரொம்பப் பாடுபடுத்திட்டேன்ப்பா. செல்லக்கனிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், உன் வேலை எங்கயும் போகாது. உள்ள வந்து சாப்பிடு. அதுக்கு முன்னால அந்தச் சோக்கை உள்ள தள்ளிரு, இன்னைக்கு இழுத்ததைத் திருப்பித் தள்ள மறந்துட்டேன்."