முடக்கப்பட்டுள்ளது

திரையில் மறுபடியும் அதே வரி. மெய்நிகராக்க வசதி முடக்கப்பட்டுள்ளது.

மணிமொழி ஓங்கி ஓர் உதை விட்டாள். கணினிப் பெட்டி சுவரில் மோதி நின்றது. உதைத்த கால் வலித்தது. காலையில் புருஷன் உதைத்த இடுப்பு அதைவிட வலித்தது.

இரண்டு மணிக்குத் தேர்வு. தேறினால் கோவையில் வேலை. வேலை கிடைத்தால் இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம்.

அந்த வசதியால் கணினிக்குள் இன்னொரு கணினியைத் திறந்து, அதற்குள் எழுத வேண்டிய தேர்வு. அதைத்தான் இந்தப் பாழாய்ப்போனது திறக்க மாட்டேன் என்று ஒரு மாதமாக அடம்பிடிக்கிறது.

மிஷின் பழசு, தாங்காது என்று புருஷன் சொல்லியிருந்தான். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து கொடுக்கிறவன். நம்பாமல் என்ன செய்வாள்?

இன்றைக்கு அவளே பார்த்துவிடுவதென்று இறங்கினாள். அணைத்து, மீண்டும் போட்டு, விண்டோஸ் வருவதற்குள் டெலீட் விசையைக் குத்தினாள். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றுகிற பயாஸ் பக்கம் திறந்தது. அந்த வசதி அங்கேதான் இருந்தது. பழசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாரோ 'ஆஃப்' செய்து வைத்திருந்தார்கள். மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.

அவள் பாஸ்வேர்டு எதுவும் வைக்கவில்லை.

காலையில் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டு அவன் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"எழுதிப் பாருடி. மிஷினே உன்ன வேணாம்னு சொல்லும்."

படுபாவி.

அழுகை வரவில்லை. வெறி வந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அவன் கடையில். அடுக்களைக் கத்தியின் முனையால் திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டைப் பிய்த்து எறிந்தாள். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. கிழிக்கட்டும்.

உள்ளே ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி. பாஸ்வேர்டு மறந்துபோனவர்களின் கணினிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அவன் அதைத்தான் கழற்றுவான். காபி கொடுக்க வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள்.

நகம் நுழையவில்லை. தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்து நெம்பினாள். பேட்டரி தெறித்து விழுந்தது.

சற்றுப் பொறுத்து அதை மாட்டி, பிளக்கைச் செருகி, மறுபடி பயாஸைத் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. 'ஆன்' செய்தாள்.

தேதி மட்டும் பின்னுக்குப் போயிருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். ஆனால் தேர்வு இன்றைக்கு. மாற்றினாள்.

கணினிக்குள் கணினி திறந்தது. திரை ஓரத்தில், கண்ணாடி போட்ட தேர்வுக் கண்காணிப்பாளர் ஒருத்தி தெரிந்தாள். விசைகளில் இரத்தம் பிசுபிசுத்தது.

வாசலில் பைக் வந்து நின்றது.

அவன் சாப்பிட வருகிற நேரம். சோறு வடிக்கவில்லை.

"ஏய்!"

அடுக்களையில் பாத்திரம் பறந்து விழுந்தது. பெல்ட்டை உருவுகிற சத்தம் அவளுக்குத் தெரியாததா? இந்த அறையின் உள்தாழ்ப்பாளை அவன் போன வருஷமே கழற்றி எறிந்துவிட்டான்.

கத்தி விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தாள். கைக்கு வாகாக இருந்தது. கதவைத் திறந்ததும் வயிற்றில் செருகிவிட வேண்டும் போலிருந்தது. சத்தியமாக இருந்தது.

திரையிலிருந்து கண்காணிப்பாளரின் குரல் கேட்டது.

"மணிமொழி, ரூம்ல உங்களத் தவிர வேற யாராவது இருக்காங்களா? யாராவது வந்தா எக்ஸாம் கேன்சல் ஆயிடும். எல்லாமே ரெக்கார்டு ஆகுது, சரியா?"

காலடி நெருங்கியது.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்ப யாரும் இல்ல மேடம். வருவாரு."

மானிட்டர் மேலிருந்த கேமராவைக் கதவைப் பார்க்கத் திருப்பினாள்.