லெஸ்டரில் ஒரு கிறிஸ்மஸ்

"மைனி, லண்டன்ல பனி எல்லாம் பாத்தாச்சா? டெனிஷ் ஒங்களை நாலு இடத்துக்குக் கொண்டு போனாரா?"

இங்கிலாந்தில் மூத்த மகள் லிஜா, மருமகன் டெனிஷ் வீட்டிலிருந்து திரும்பிய சத்தியபாய் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தங்கபாய் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் யேசுரத்தினத்தின் தங்கை. இரணியலிலேயே பக்கத்துத் தெரு. சத்தியபாயின் சின்ன மகள் ஜெப்சிக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை, தங்கபாயின் கணவர் வழிச் சொந்தம். இங்கே பேசுவது சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்விடும்.

"லண்டன் எங்க பிள்ள, இது லெஸ்டர். பனி ஒரு நாள்தான் பெய்தது. போன இடத்துக்கெல்லாம் டெனிஷ்தான் காரில கொண்டு போனாரு. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு எல்லாரும் சேந்துதான் போனோம். லிஜா முன்சீட்டுல, நானும் பேத்தி ஜாஸ்மியும் பின்னால."

"அவரு டூட்டிக்குப் போகல்லியா?"

"மாமி வந்திருக்கேன்னு லீவு போட்டுட்டாரு."

"லிஜா கொடுத்து வச்சவ மைனி. அங்க போன எத்தனை பிள்ளைய ஆளுக்கு ஒரு பக்கமா பிரிஞ்சி கிடக்கு! அக்கா மாப்பிள தங்கமான ஆளுன்னு சொல்லித்தான் ஜெப்சிக்க சம்பந்தத்தையே நான் அங்க பேசி எடுத்தேன். அவங்களுக்கு அதெல்லாம் முக்கியம், பாத்துக்கிடுங்க."

யேசுரத்தினம் வாசல் பக்கம் நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். கிறிஸ்மஸ் சமயத்தில் பெயிண்ட் கடையைப் பூட்ட முடியாது என்று அவர் மனைவியை மட்டும்தான் அனுப்பியிருந்தார். வந்ததிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள ஒனக்ககிட்ட நல்லா பேசினாரா?" என்றார்.

"பேசாம பின்ன? காலையில சாயா போட்டு எனக்க கையில கொண்டு தந்தாரு."

தங்கபாய் தன் பேரனுக்கு ஒரு ஸ்வெட்டரும் இரண்டு பொட்டலம் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஜெப்சி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

யேசுரத்தினம் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

"டெனிஷே, ரொம்ப உபகாரம். அவளுக்கு ஒரு சந்தேகமும் வரல்ல... அந்தப் பொண்ணுக்க வீட்டுக்கு நீ திரும்பிப் போயாச்சா? சரி, அது ஒனக்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல்ல. ஜெப்சிக்க கல்யாணம் முடியும் வரைக்கும் ஊருல ஒருத்தரும் அறிய வேண்டாம்."

டெனிஷ் லிஜாவையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதே ஊரில் இன்னொருத்தியோடு இருக்கிறான். லிஜா அதை அப்பாவிடம்தான் முதலில் சொல்லி அழுதாள். "அம்மாகிட்ட மூச்சு விடாத, அவளுக்குப் பிரஷர்" என்று அவர் வாயை அடைத்தார். "ஊருக்கு வந்துடட்டுமாப்பா?" என்று கேட்டபோதெல்லாம், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றார். கிறிஸ்மசுக்கு அம்மா வந்தே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். தடுக்க முடியவில்லை. அப்புறம்தான் அவர் டெனிஷிடம் கெஞ்சினார். மாமி இருக்கும் வரைக்கும் லிஜாவின் வீட்டில் இருந்தால் போதும் என்றார்.

உள்ளே வந்தபோது சத்தியபாய் கம்பளிச் சட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டெனிஷ்கிட்ட சொல்லியாச்சா?" என்றாள், திரும்பாமல்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"போன மறுநாளே எனக்குத் தெரியும். சாயா போடுகேன்னு அடுக்களைக்கு வந்தாரு. சீனி எங்க இருக்குன்னு தெரியாம ஒவ்வொரு கதவா தெறந்து பாத்தாரு. ஜாஸ்மிதான் எடுத்துக் குடுத்தா. குடுத்துட்டு, 'அப்பா, எப்ப போவீங்க?'ன்னு கேட்டா."

"பின்ன, நீ லிஜாகிட்ட ஒண்ணும் கேக்கல்லியா?"

"நீங்க எனக்ககிட்ட சொன்னியளா? கேட்டா அவ அழுவா. அழுதா கையோட கூட்டிட்டு வரணும். அவ வந்து நின்னா ஜெப்சிக்க காரியம் என்ன ஆவும்? அதான் நானும் சிரிச்சிட்டே இருந்தேன். அந்த ஆளுக்கு மீனு பொரிச்சும் குடுத்தேன்."

யேசுரத்தினத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"நீ நல்ல காரியம் செய்த. லிஜா தைரியசாலி. இவ்வளவு நாளு சமாளிச்சவ, மே மாசம் வரைக்கும் சமாளிச்சிருவா."

சத்தியபாய் அலமாரிக் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏர்போர்ட்டுக்கு டெனிஷ் வரல்ல. லிஜாதான் ஜாஸ்மியையும் ஏத்திக்கிட்டு கார் ஓட்டிட்டு வந்தா. எனக்க பெட்டிய எடுக்க டிக்கியத் தெறந்தா. உள்ள இன்னும் ரெண்டு பெட்டி இருந்து. 'இது ஆருக்க மக்களே?'ன்னு கேட்டேன்."

"ஆருக்க?"

"'எனக்கதும் ஜாஸ்மிக்கதும்மா. இத்தனை நாளும் நீ ஒரு வார்த்தை கேப்பன்னு பாத்துட்டே இருந்தேன். இப்பமாவது கேளு, ஒனக்க கூடவே வந்துருகோம். டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்'னு சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"'மாப்பிள சோத்துக்குத் தேடுவாரு, வீட்டுக்குப் போ மக்களே'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்."