அந்தக் கை

"இது நாயா, மூட்டையா?"

எடை மெஷினைப் பார்த்ததும் கால்நடை டாக்டர் கத்தினார். வீட்டு முன்னறையில்தான் அவருடைய கிளினிக்.

"ஒரே மாசத்துல நாலு கிலோ! சர்க்கரையும் ஏறிக் கிடக்கு. இனிப்பு குடுக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"சத்தியமா நான் குடுக்கல டாக்டர்," என்றாள் நாயைக் கூட்டி வந்தவள்.

அவளுக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கணவன்தான் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறான் என்று மூன்று நாளாக அவனோடு பேச்சே இல்லை.

"ரத்தப் பரிசோதனைன்னு இன்னிக்குக் காலையில வெளியவே விடாம கட்டிப் போட்டேன்," என்றாள்.

"பாசம்னு சொல்லி வாயில்லா ஜீவனைக் கொல்றாங்க! ஊட்டுற அந்தக் கையைக் கூட்டிட்டு வாங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை நான் கேக்கறேன்!"

உள்கதவு திறந்தது. டீயோடு வந்த டாக்டரின் மனைவியைக் கண்டதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தது.

"அட, என் செல்லமே! தினமும் விடிஞ்சதும் பின்வாசல்ல வந்து நிப்பியே, இன்னிக்கு ஏன்டா வரல? உன் கிரீம் பன் அப்படியே இருக்கு!"



நாயைக் கூட்டி வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கை வந்திருக்கு டாக்டர். கேளுங்க."