மேஜைக்கு அந்தப் பக்கம்

"முதல்ல அஞ்சல் எண்ணைச் சொல்லிடுங்கம்மா. அப்புறம் அழலாம்" என்றாள் நோரீன், தொலைபேசியில்.

பக்கத்து மேஜையில் இருந்த வெஸ்லிக்குச் சுருக்கென்றது. அழுகிற தாயிடம் பேசுகிற பேச்சா இது?

ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில், முன்பு செருப்புக் கடையாக இருந்த இடத்தில்தான் அந்தத் தொகுதி அலுவலகம். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வாஷிங்டனில் இருந்தார். அரசுப் பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் உதவியைப் பாதியாக வெட்டும் மசோதாவுக்கு மறுநாள் வாக்கெடுப்பு. அவர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் தொகுதி மக்களில் எத்தனை பேர் 'வெட்டு' என்கிறார்கள், எத்தனை பேர் 'வெட்டாதே' என்கிறார்கள் என்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். அஞ்சல் எண் சொல்லாதவர் தொகுதிக்காரர் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவர் எவ்வளவு அழுதாலும் கணக்கில் சேர மாட்டார்.

நோரீன் அந்த நாற்காலியில் பதினோரு வருடமாக இருக்கிறாள். எல்லோரிடமும் ஒரே குரல். 'வெட்டு' என்றவருக்கும் நன்றி, 'வெட்டாதே' என்றவருக்கும் நன்றி. வெஸ்லி சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்து இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தவன், மனசு கேட்கவில்லை. காலையில் ஒரு பள்ளி பஸ் டிரைவரோடு பத்து நிமிடம் உருகிப் பேசி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"நீ அவருக்கு ஆறுதல் சொன்ன நேரத்துல நாலு பேருக்கு லைன் கிடைக்காம போச்சு" என்றாள் அவள். அதிலும் குரல் ஏறவில்லை.

இப்போது அழுத தாய் ஒருவழியாக எண்ணைச் சொல்லிவிட்டாள். கூடவே கோபமாக ஏதோ கேட்டாள். ரிசீவரையும் தாண்டி அது வெஸ்லியின் காதில் விழுந்தது. "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா. உங்க கருத்தை எழுதிக்கிட்டேன், நன்றி" என்று நோரீன் வைத்துவிட்டாள்.

வெஸ்லிக்கு வாய் நிற்கவில்லை. "அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு? பெத்து வளர்த்திருந்தா தெரியும்."

சொன்ன பிறகுதான் அதிகம் என்று பட்டது. நோரீனின் பேனா ஒரு கணம் நின்றது.

"இந்த மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கற வரைக்கும் நமக்குன்னு ஒரு கருத்து கிடையாது, வெஸ்லி. சொன்னாலும் அது கணக்குல வராது" என்றாள்.

மணி பன்னிரண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு தன் நீல நிறக் காருக்குப் போனாள். அந்த அரை மணி நேரம் அவளுக்குச் சொந்தம். அவள் மேஜையில் ஒரு புகைப்படம்கூட இல்லை என்பதை அன்றுதான் வெஸ்லி கவனித்தான். கல் மாதிரி மனுஷி என்று நினைத்துக்கொண்டான்.

தொலைபேசி அடித்தது. எடுத்து, வழக்கமான வணக்கத்தைச் சொன்னான். அவன் கேட்பதற்கு முன்பே அஞ்சல் எண் வந்தது. அதற்கு மேல் அழுகைதான் வந்தது. வெஸ்லி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றான்.

"வெட்ட வேண்டாம்னு எழுதிக்குங்க. என் பொண்ணு ஜோசிக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்துல சேர்த்தப்ப அவளுக்கு ஒரு வார்த்தை பேச வராது. பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருத்தங்க, வாஷிங்டன் பணத்துல வேலை பாக்கறவங்க, மூணு வருஷமா அவகூட தரையில உட்கார்ந்து உதட்டை அசைச்சு அசைச்சுக் காட்டினாங்க. போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு ஓடினவ, பாதியில திரும்பி வந்து, 'அம்மா, குளிருது'ன்னா."

வெஸ்லி எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடக்கூடத் தோணலை. அப்படியே நின்னுட்டேன். இப்ப அந்த டீச்சருக்கு நோட்டீஸ் வந்திருக்கு. பணம் வராட்டி கோடை லீவோட அவங்க வேலை முடிஞ்சுதாம். என் பொண்ணு இந்த ரெண்டு வார்த்தையோட நின்னுடக் கூடாது. அவ்வளவுதான்."

பெயர் கேட்க வேண்டும் என்பது விதி. வெஸ்லி கேட்கவில்லை. சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி, 'வெட்டாதே' என்ற தலைப்பின் கீழ் கணக்குக்காக அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.

"கணக்குல சேர்ந்துச்சா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"சேர்ந்துச்சு."

அவன் பார்வை ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றிருந்த நீல நிறக் காரின் மேல் இருந்தது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" என்றான். "கண்ணைத் துடைச்சுக்கிட்டு மெதுவா காரை விட்டு இறங்கி வாங்க, நோரீன். இனிமே சாயங்காலம் வரைக்கும் எல்லா போனையும் நான் எடுத்துக்கறேன்."