பாட்டு வாத்தியாரம்மா

சுலோச்சனா பாடி முடித்ததும் தலைமை ஆசிரியை பங்காரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே கையால் ஒரு தெலுங்குக் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

“புள்ளைங்களுக்குச் சொல்லித் தரணுமே. இதை ஒருவாட்டி படிம்மா, கேப்போம்.”

“நான் தமிழ் படிச்சவங்க” என்றாள் என் தங்கை.

எங்கள் எல்லைப் பக்கத்தில் இது செல்லும். தெலுங்குக்காரர்களிடம் தமிழ் படித்தேன் என்பாள். தமிழர்களிடம் தெலுங்கு என்பாள். இத்தனை வருஷம் அப்படித்தான் தப்பித்தாள்.

இன்றைக்குத் தெலுங்குக்காரரும் தமிழரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட மேனேஜர் ஜெகநாதன் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தள்ளினார்.

“அப்போ இதைப் படி. ஏன் பயந்துகினு நிக்கிற?”

அவளுக்கு எந்த எழுத்தும் நிற்காது. காலையில் படித்தது சாயங்காலம் புதிதாய்த் தெரியும். நைனா தூணில் கட்டிவைத்து அடித்தார். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று முட்டிபோட வைத்தார்கள். ஒருதரம் கேட்ட கீர்த்தனையை மூச்சு விடும் இடம்கூட மாறாமல் திருப்பிப் பாடுகிறவள் மக்காம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. அவள் அக்காவான நான். எனக்குப் பட்டம் கொடுத்தவர்களுக்கும் இந்த நோவுக்குப் பெயர் தெரியாது.

இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாசம் அவளுக்கும் முறைப்பையன் கண்ணையன் பாவாவுக்கும் கல்யாணம். பர்மா சண்டையிலிருந்து அவன் திரும்பிய மாசமே அவன் பெண்டாட்டி கிணற்றில் மிதந்தாள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சுலோச்சனா புத்தகத்தை வாங்கினாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மூக்கில் இடிக்கிற வரைக்கும்.

“கண்ணு மங்கிப்போச்சுங்க. ஆளு நிக்கிறது நிழலாட்டம் தெரியுது. அவ்ளோதான்.”

அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த எங்களை இங்கே யாருக்கும் தெரியாது.

பங்காரம்மாள் எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். குருட்டுப் பிள்ளைக்கு முருகனே குரல் கொடுத்திருக்கிறான் என்றார் ஜெகநாதன். மக்குக்கு இல்லாத வேலை குருடிக்கு இருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே தங்க ஓர் அறை.

கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மலைக்குப் போகும் தெருவில் திரும்பியதும் ஆள் நடமாட்டம் இல்லை. சிரிப்பாள் என்று நினைத்துக் கையை விட்டேன்.

அவள் பார்வை எதன்மேலும் படவில்லை. விரல்கள் காற்றில் என் தோளைத் தேடின.

“வுடாதக்கா. இனிமே நான் இந்த ஊர்லதானே இருக்கணும்.”